போதகருக்கு நான் சொன்ன பதில்

அன்பு மகளே,

எழுதப்போவது:
1. பரிணாமம் பற்றிப் போதகருக்கு நான் சொன்ன பதில் சரி.
2. சொன்ன நாள் தவறு.
3. நீ ஒருமுறை குன்னூர் வர வேண்டும்.

கூடலூரில் உன் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் போதகர், "கர்த்தர் படைச்சாரு, கர்த்தரே எடுத்துக்கிட்டாரு" என்றார். வாழ்நாளெல்லாம் உயிரியல் பாடம் நடத்தியும் வகுப்புக்கு வெளியே யாரிடமும் வாதாடாத நான் அன்று வாய் திறந்தேன். பலவீனமான உயிர் நிலைக்காது, அதுதான் அறிவியல் என்றேன்.

படுத்திருந்த நீ எழுந்து உட்கார்ந்தாய். "அவரு ஆண்டவருங்கறாரு, நீங்க இயற்கைங்கறீங்க. செத்தது எம்பட கொழந்தைங்கப்பா."

அதன்பின் நீ என்னோடு பேசவில்லை. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். வா என்று சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது.

இப்போது முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். அது தவறு. உன் குழந்தை ஏன் இறந்தது என்பதற்குப் பரிணாமத்தில் பதில் இல்லை. அழத் தெரியாமல் நான்தான் அதைப் பதிலாக்கினேன்.

உன் அப்பா