துரைக்காக அணைத்த தூபம்

அண்ணி,

சற்று முன்புதான் எதிர் வீட்டு மல்லிகா வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "செல்வியக்கா, சன்னலைச் சாத்திக்கிருங்க. பொகை போடப் போறேன்." எழுந்து போய்த் தெருப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்தினேன். கதவடியில் உங்கள் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். அப்படியும் கொஞ்சம் சாம்பிராணி வாசனை உள்ளே வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு இந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. துரை நாற்காலியில் படுத்தபடியே ஒரு காதை மட்டும் திருப்பினான், மறுபடி தூங்கப் போய்விட்டான். அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீராகத்தான் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வல்லத்திராக்கோட்டையில் இந்த வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது ஒரு பித்தளைத் தூபக்காலும் கூடவே வந்தது. செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்த கையோடு கொட்டாங்கச்சிக் கரியைக் கனிய வைத்துச் சாம்பிராணியைத் தூவுவீர்கள். சாமி மாடத்தில் தொடங்கி, நெல் மூட்டை அடுக்கிய அறை, அடுப்படி, கொல்லைப்புறக் குளியலறை வரை ஒரு மூலை விடாமல் காட்டுவீர்கள். கடைசியில் ஈரத் தலையை விரித்துப் போட்டு அந்தப் புகையிலேயே முடியைக் காய வைப்பீர்கள். கொடியில் கிடக்கும் என் சேலைக்கும் அந்த வாசனை ஏறிவிடும். காலையில் ஆபீஸ் போகும்போது புதுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எந்தக் கோயிலுக்குப் போய் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அண்ணி வீட்டையே கோயிலாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அண்ணன் குவைத்துக்குப் போன வருடம்தான் துரையும் வந்தான். மாட்டுக் கொட்டகையில் தாய் விட்டுப்போன பூனைக்குட்டி. சாம்பல் உடம்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை. யாரையும் மதிக்காமல் நடக்கிற அந்த நடைக்கு நீங்கள்தான் துரை என்று பெயர் வைத்தீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது நீங்களும், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நானும், அவனும்தான். பகலெல்லாம் நான் ஆபீஸில் இருப்பேன். உங்களிடம் பேச்சுக் கொடுக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. நீங்கள் பேசுவதும் அவன் அதற்கு முனகுவதும் படலைத் திறக்கும்போதே எனக்குக் கேட்கும்.

அவனுக்கு வயதான பிறகு அந்த இருமல் வந்தது. தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, எதையோ கக்கப் போகிறவன் மாதிரி இழுப்பான். ஒன்றும் வெளியே வராது. மீன்முள் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் முடிவு செய்தோம். நம் வீட்டில் யாருக்கு முள் சிக்கினாலும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வதுதானே வைத்தியம். நீங்கள் உருண்டை பிடித்து அவன் முன்னால் வைத்தீர்கள். அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனான்.

பக்கத்து ஊர் கால்நடை மருத்துவர் ஆடு மாடுகளுக்கு நடுவில் அவனையும் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சளியாக இருக்கலாம், ஊசி போடுகிறேன், கேட்காவிட்டால் திருச்சிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், வயதான பூனை, மூச்சு விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம் என்று அப்போதே சொன்னார். ஊசிக்குப் பிறகு சில நாள் நன்றாக இருந்தான். பிறகு மறுபடி இழுத்தது.

செவ்வாயும் வெள்ளியும்தான் அதிகம் இழுக்கிறது என்பதைக் கவனித்தவர் நீங்கள். கவனித்தது சரி. அதற்கு நாம் கண்டுபிடித்த காரணம்தான் கூத்து. செவ்வாய், வெள்ளியில் வருகிற கோளாறு வேறென்னவாக இருக்கும்? கண்பட்டுவிட்டது. மல்லிகா வேறு முந்தின வாரம்தான், காலண்டரில் போட்ட புலிக்குட்டி மாதிரி இருக்கிறான் என்று அவன் முகத்தை வழித்துக் கொஞ்சிவிட்டுப் போயிருந்தாள். அதனால் சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டீர்கள். தூபக்காலை அவனைச் சுற்றியும் காட்டினீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டீர்கள். நெடியில் நானும் நீங்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினோம். அவன் நமக்கு முன்னால் ஓடிப்போய்த் துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னங்கால் முட்டிகளை அகட்டி வைத்து, வாயைத் திறந்து, நாய் மாதிரி மூச்சு வாங்கினான். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

மருத்துவருக்குப் போன் செய்தேன். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்கு உடனே கிளம்புங்கள் என்றார். மல்லிகாவின் வீட்டுக்காரர் காரை எடுத்தார். துணி போடுகிற பிளாஸ்டிக் கூடையில் அவனை உட்கார வைத்து மடியில் ஏந்திக்கொண்டீர்கள். மருந்துக்கடை வாசலில் கார் கொஞ்சம் நின்றபோது யாரோ, மனுசருக்குக் கொடுக்கிற காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊற்றுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். "பூனை டாக்டரு சொல்லாம ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அந்த மாத்திரை பூனைக்கு விஷம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கீரனூர் தாண்டும்வரை அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் உங்கள் தோளும் ஏறி இறங்கியது.

திருச்சி ஆஸ்பத்திரியில் இளம் வயதுப் பெண் மருத்துவர். அவனைத் தொடக்கூட இல்லை, முதலில் கண்ணாடிப் பெட்டியில் விட்டு ஆக்சிஜனைத் திறந்தார். மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எக்ஸ்ரே. வயதான பூனைக்கு இதயக் கோளாறாலும் இப்படி வரும், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலும் வரும் என்று இதயத்துக்கு ஒரு ஸ்கேனும் பார்த்தார். இரண்டும் இல்லை. காற்றுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன, நமக்கு ஆஸ்துமா வருகிற மாதிரி என்றார். எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி என்றோம். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு மட்டும் வீட்டுல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

வீடு கழுவுவோம், விளக்கு வைப்போம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பது உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது.

"நாந்தாங்க பொகை போடுவேன்" என்றீர்கள். "அவனுக்கு முடியலைன்னு, இன்னங் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

அண்ணி, நான் ஆபீஸில் காலம் தள்ளியவள். ஒரு தப்பு நடந்தால் அது மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் விடுப்பில் இருக்கிறவர் தலையில் போய் உட்காரும். அதை எத்தனையோ தடவை பார்த்தவள். நானும் அங்கே, "நாங்க போடுவோம்" என்று பன்மையில் சொல்லி உங்களுக்குப் பாதியைக் குறைத்திருப்பேன். நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அழவும் இல்லை. "பொகை இல்லாட்டி இருப்பானா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். மருந்தும் ஒழுங்காகப் போனால் நன்றாகவே இருப்பான், ஆனால் இது முழுசாகப் போகிற நோய் இல்லை என்றார் மருத்துவர். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்றதே எனக்குப் பெருமையாக இருந்தது. இதை அப்போது சொல்லியிருந்தால், போடி என்றிருப்பீர்கள்.

திரும்பும்போது காரில் சொன்னீர்கள். "தெரியாமச் செஞ்சதைச் சாமி பாத்துக்கும். இனிமே செஞ்சா நாந்தான் பாக்கணும்."

மறுநாள் தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்தீர்கள். புதுசு மாதிரி மின்னியது. கொண்டுபோய் மாரியம்மன் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். பரணில் போட்டு வைத்தால் கை அரிக்கும் என்றீர்கள். கொசுவத்தி போனது, ஊதுவத்தி போனது. மின்சார வேலைக்கு வந்தவர் பீடியைப் பற்ற வைத்ததும் தெருவுக்கு அனுப்பப்பட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் தூபம் காட்டும்போது கண்ணை மூடி நன்றாக இழுத்துக்கொள்வீர்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையாமல், முடியை அவிழ்த்து உதறிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். வாசனை போனதா என்று என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்வீர்கள். பூனைக்கு எக்ஸ்ரேவாம், ஸ்கேனாம் என்று தெருவே சிரித்தது. சாமிக்குப் புகை நின்ற வீடு என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர்களிடம் நீங்கள் வாதாடியதே இல்லை.

மல்லிகா வீட்டுப் புகை காற்றில் வருகிறதே என்று நான்தான் குதித்தேன். போய் நிறுத்தச் சொல்லுவோம் என்றேன். "அவங்க வீட்டுச் சாமிக்கு நம்ம எப்படித் தடை சொல்றது? போடுறதுக்கு முன்னாடி இங்கிட்டு ஒரு கொரலு குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு நீங்களே தெருவைக் கடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். மல்லிகா இன்றுவரை அதை மறக்கவில்லை.

மருந்து உறிஞ்சுகிற குழாய்தான் பெரிய பாடு. ஒரு முனையில் மருந்து, மறு முனையில் சின்ன முகமூடி. அதை மூக்கில் வைத்து அவன் சில மூச்சு இழுக்க வேண்டும். துரை யாருக்கு முகத்தைக் கொடுப்பான்? என் கையில் கோடு போட்டான். பழக்கித்தான் வைக்க வேண்டும், அவசரப்படாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீங்கள் நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்தீர்கள். மருந்து இல்லாமல் வெறும் முகமூடியின் உள் விளிம்பில் அந்தப் பொடியை லேசாகத் தடவித் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்க் கீரை ஆய்ந்தீர்கள். அவனாக வந்து முகத்தை விட்டான். அப்படியே நாளுக்கு நாள் பழக்கி, முகமூடியைத் துடைத்துவிட்டு மருந்தை வைக்கிற அளவுக்குக் கொண்டுவந்தீர்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி வாசமே கூடாத வீடு நம்முடையது. பழக்குகிறபோது ஒரு நாள் விட்டாலும் மறந்துவிடுவான் என்று வெள்ளிக்கிழமையும் கருவாட்டு டப்பா திறந்தது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று சீண்டினேன். "அவரு மயிலு வளக்குறவரு. அவருக்குத் தெரியும்" என்றீர்கள்.

மருந்து கொடுக்கும்போது அவன் காதோரம் குனிந்து, "வாங்கிக்க, வாங்கிக்க, ம், விடு" என்பீர்கள். சொல்லிக்கொண்டே நீங்களும் மூச்சை வாங்கி விடுவீர்கள். இருமல் குறைந்தது. மறுபடி துவைக்கிற கல்லில் ஏறி உட்கார்ந்து ஊரை அதிகாரம் பண்ணத் தொடங்கினான். வீடியோ காலில் அண்ணன் வந்தால், உங்களைக் கேட்பதற்கு முன்னால் அவனைக் கேட்பார்.

அவனைத் தேற்றிய நீங்கள் படுத்துவிட்டீர்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த மாதங்களில் ஒரு பகலில், உங்கள் காலடியில் சுருண்டு கிடந்த அவனைக் காட்டிச் சொன்னீர்கள்.

"எனக்கு ஒண்ணுன்னா தலமாட்டுல பொகை போட விடாத. அவன் அங்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பான். ஆளுக கூட்டத்துல ஒருத்தரும் அவன கவனிக்க மாட்டாக."

என்ன பேச்சு இது என்று அதட்டினேன். நீங்கள் விடவில்லை. சரி என்று என் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினீர்கள்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது அவன் உங்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான், துரத்தியும் போகவில்லை. பொன்னமராவதியிலிருந்து வந்த பெரியப்பா தூபக்கால் எங்கே என்று கேட்டார். ஒருவர் ஊதுவத்திக் கட்டைப் பிரித்தார், இன்னொருவர் சட்டியில் கரியே கனிய வைத்துவிட்டார். நான் நிலைப்படியில் நின்று வழியை மறித்தேன். புகை வேண்டாம், அண்ணி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். காலமெல்லாம் சாம்பிராணி போட்ட மகராசிக்கு ஒரு பூனைக்காகப் புகை இல்லையா என்று கூட்டத்தில் ஒரு குரல் உயர்ந்தது. நான் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்த அண்ணன் எழுந்தார். அந்தச் சட்டியைத் துணி போட்டுப் பிடித்து எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். "அவ சொன்னா சொன்னதுதான் பெரியப்பா" என்றார். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மல்லிகா விளக்கை மட்டும் தூண்டிவிட்டாள். மல்லிகைப்பூ வாசனையோடு போனீர்கள். தூக்குகிறவரை துரை ஒரு தடவைகூட இருமவில்லை.

இப்போது மருந்து கொடுக்கிற நேரம். சன்னல் சாத்தியிருக்கிறது, மல்லிகா வீட்டில் மணி அடிக்கிற சத்தம் கேட்கிறது. குழாயை எடுத்தாலே அவன் எழுந்து வந்துவிடுகிறான். கருவாடெல்லாம் இப்போது தேவைப்படுவதில்லை. வந்து முகத்தை விடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை உங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். நான் குனிந்து, வாங்கிக்க, வாங்கிக்க, ம், விடு என்கிறேன். அவன் இழுக்கும்போது என் தோளும் ஏறுகிறது, அண்ணி. அவன் விட்ட பிறகுதான் நானும் விடுகிறேன்.