ஏரிக்கரை ஆட்டோ நிறுத்தத்தில் என் முறை

அனுப்புநர்:
சு. தமிழினி,
ஆட்டோ ஓட்டுநர்,
செம்பாக்கம்.

பெறுநர்:
காவல் உதவி ஆணையர் (போக்குவரத்து),
தாம்பரம்.

பொருள்: மகப்பேற்றுக்குப் பின் உடல் தேறி வேலைக்குத் திரும்பிய எனக்கு, ஆட்டோ நிறுத்தத்தில் என் முறையைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செம்பாக்கம் ஏரிக்கரை நிறுத்தத்தில் ஆட்டோ ஓட்டும் ஒரே பெண் நான். சித்திரையில் எனக்கு அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் என் இடத்தைச் சங்கச் செயலாளர் திரு. சாம்பசிவன் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்.

2. அவர் கெட்டவர் அல்லர். எனக்கு வளைகாப்பு நடத்தியதே அந்த நிறுத்தம்தான். பால் ஊற வேண்டுமென்று காசிமேடு வரை போய்ப் பால் சுறா வாங்கி வந்தவரும் அவரே. அந்த அன்பில்தான் கோளாறு. "பச்ச ஒடம்பு தங்கச்சி, வவுத்துல தையல் கீது. ஒரு வருஷம் வூட்ல குந்து" என்கிறார். சங்கமும் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. என் வயிற்றைப் பற்றிய கூட்டத்துக்கு என்னை மட்டும் அழைக்கவில்லை.

3. என் உடம்பு எப்படித் தேறியது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அரசு மருத்துவமனையில் செவிலியர் ஜெனி அக்கா மறுநாளே என்னை எழுப்பி நடக்க வைத்தார். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று என் அத்தை சொம்பை ஒளித்து வைக்க, அக்கா அதைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு தும்மினால் சிறுநீர் கசிந்தது. இதை மனுவில் எழுத எனக்கு வெட்கமில்லை. பலருக்கும் வருவதுதான், வாய் திறப்பவர்கள் குறைவு. ஜெனி அக்காவிடம் சொன்னேன். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். விடாமல் செய்தேன். ஒரகடத்தில் வேலை முடிந்து வந்ததும் என் கணவர் சுகுமார் குழந்தையை வாங்கிக்கொள்வார், நான் ஏரிக்கரையில் நடப்பேன். தொடக்கத்தில் கால்வாசிக் கரைகூட முடியாமல் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறேன். இப்போது முழுக் கரையும் நடக்கிறேன். கசிவு நின்றது, தையல் ஆறியது. பாடுபட்டு மீட்ட உடம்பு ஐயா இது. பெருமையாகவே சொல்கிறேன்.

4. ஆட்டோ ஓட்டலாம் என்று மருத்துவர் அளித்த சான்றை இணைத்துள்ளேன். சாம்பசிவன் அண்ணன் போன வருடம் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஓய்வு முடிந்ததும் வண்டி எடுத்தார். அவர் வயிற்றுக்கு யாரும் தீர்மானம் போடவில்லை.

5. முறை இல்லாததால் படப்பை வரை காலி வண்டியாக அலைகிறேன். ஏரிக்கரையில் நின்றால் இரண்டு சவாரிக்கு நடுவே வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். தூரம் போனால் குழந்தை பசியில் கத்துகிறது, எனக்கு மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. இப்படியே போனால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதுதான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே, என் முறையை எனக்கே திருப்பித் தருமாறு சங்கத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணைக்கு எங்கள் இருவரையும் ஒரே நாளில் அழையுங்கள். சாம்பசிவன் அண்ணனை என் வண்டியில் ஏற்றி நானே ஓட்டி வருகிறேன். என் உடம்பு பச்சையா பழுத்ததா என்பதை வந்து இறங்கியதும் அவரே தங்களிடம் சொல்லட்டும்.

இடம்: செம்பாக்கம்
நாள்: 09.09.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சு. தமிழினி
(ஒப்பம்)