கல்லில் வெட்டவேண்டிய பெயர்

இன்று காலை பாயாசத்துக்கு ஏலக்காய் இடித்தேன். மணம் எழும்பினதும் கை நின்றுவிட்டது. மொன்றியல் லாசாலில் எங்கள் கட்டடத்து நடையில் ஏலக்காய் மணந்தால் யாரோ தமிழர் வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். எனக்கு மட்டும் அது, சம்பந்தி, நீங்கள் நத்தார்ப் பண்டிகைக்குச் சுட்ட இனிப்புப் பாண். "நோர்வேக்காரருக்கும் ஏலக்காய்க்கும் என்ன தொடுசல்?" என்று முதல் வருஷம் கேட்டேன். "உங்கட ஆக்கள் வித்தவை, எங்கட ஆக்கள் வாங்கினவை. வேற என்ன?" என்றீர்கள். நீங்கள் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் உங்கள் வீட்டாரின் பேச்சு முழுக்க என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது, என்ன செய்ய.

உலக்கையைக் கீழே வைக்கவில்லை, உங்கள் மகன் எரிக் போன் எடுத்தான். "மாமி, கல்லறைக் கல்லு வெட்டுற மனிசன் அம்மாவின்ர பெயரை எப்பிடிப் போடுறது எண்டு கேக்கிறார். பின்னேரம் துளசியோட வாறன், எழுத்தை ஒருக்கால் பாருங்கோ." ஓம் என்று வைத்துவிட்டேன். நீங்கள் என்னிடம் விட்டுவிட்டுப் போன காரியம் ஒன்று இருக்கிறதே, சம்பந்தி. மாசியில் கண்ணை மூடின உங்களை, பனியில் இறுகின நிலம் இளகும் வரை அடக்கம் செய்யாமல் காக்க வைத்த ஊர் இது. அந்தச் சாட்டில் நானும் வாயைத் திறக்காமல் வைகாசி வரை வந்துவிட்டேன்.

என் மகள் துளசி உங்கள் மகனைக் கட்டின நாளில் நீங்கள் என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "இனி நான் உங்களுக்கு ஆர்? எங்கட பாசையில அதுக்கு ஒரு சொல்லு இல்லை." சம்பந்தி என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் பெயரை நீங்கள் மறந்தே போனீர்கள். தெருவில், பஸ்ஸில், மரக்கறிக் கடையில், நாலு பேர் திரும்பிப் பார்க்க "சம்பந்தீ!" என்று கத்துவீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கியது. கடல் உள்ளே நுழைந்த ஒரு பள்ளத்தாக்கு, கரையில் பெரிய வெள்ளை வீடு, பக்கத்தில் சிவப்பு மாட்டுக்கொட்டில். நோர்வேயில் ஹெல்லான்ட் என்ற பண்ணை. உங்கள் பெயரும் ஹெல்லான்ட். கியூபெக்கில் பெண்கள் கலியாணம் கட்டினாலும் பிறந்த பெயரோடுதானே இருக்கிறார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு மகனுக்கும் அதையே வைத்தீர்கள். இப்போது என் பேத்தி மாயாவுக்கும் அதுதான். உங்கள் பூட்டன் அந்தப் பண்ணையிலிருந்து கப்பலேறி மொன்றியலுக்கு வந்து கால்வாயில் கூலிவேலை செய்தவர். "அங்க எங்களுக்குப் பெரிய பண்ணை இருந்தது" என்று உங்கள் அப்பா சாகும் வரை சொன்னாராம். பெயரை வைத்துத் தேடினீர்கள், அதே பெயரில் பண்ணை கிடைத்தது. பிறகென்ன சந்தேகம்? மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டி, "இதுதான் அவர் படுத்த அறையா இருக்கும்" என்பீர்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். என் தம்பி நோர்வேயில், பேர்கனில் இருக்கிறான், அங்கே போய் முப்பது வருஷத்துக்கு மேல். உங்கள் பிறந்தநாளுக்கு அவனை அந்தப் பண்ணைக்கு அனுப்பி, அங்கிருந்து வீடியோவில் காட்டச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடு. கேக் வெட்டிப் பிள்ளைகள் வெளிக்கிட்ட பிறகு போனைக் கையில் தந்தேன். வெள்ளை வீட்டைக் கண்டதும் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கை தட்டினீர்கள்.

பண்ணைக்கார அம்மா வாசலுக்கு வந்தார். எண்பது கடந்தவர், நோர்வே பாசை மட்டும்தான். தம்பிக்கு இங்கிலிஷ் ஓடாது. ஆகவே அவர் சொன்னதைத் தம்பி எனக்குத் தமிழில் சொல்ல, நான் உங்களுக்கு இங்கிலிஷில் சொன்னேன். உங்கள் பரம்பரை யாழ்ப்பாணம் சுற்றி வந்தது என்று நீங்களே பகிடி பண்ணினீர்கள்.

பூட்டனின் பெயரைக் கேட்டதும் அந்த அம்மா தலையாட்டினார். தெரியுமாம். ஆனால் அவர் தங்கள் குடும்பம் இல்லை என்றார். கையை உயர்த்தி வீட்டுக்குப் பின்னால் மலைப்பக்கம் காட்டினார். தம்பி கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "அக்கா, அவர் இந்த வீட்டு ஆளில்லையாம். மேல ஒரு துண்டுக் காணியில குடிசை போட்டு இருந்தவையாம். இருக்க விட்டதுக்குப் பண்ணையில வேலை செய்யவேணும். அந்தக் காலத்தில எந்தப் பண்ணையில இருக்கினமோ அந்தப் பெயர்தானாம் ஆக்களுக்கு. வேற பண்ணைக்குப் போனா பெயரும் மாறுமாம். கப்பலேறேக்க அதையே கொண்டு போயிருக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, விளங்குதே? எங்கட மாதிரித்தான்" என்றான்.

என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வீடு நல்லா இருக்கிறதாம், உங்களை வரச் சொல்லுறா என்று ஏதாவது புளுகி முடித்திருக்கலாம். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "சம்பந்தி, உங்கட முகம் சொல்லிப்போட்டுது. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். நீங்கள் அழவில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றீர்கள். "இந்த ஜன்னலை அவர் வெளியில நிண்டு துடைச்சிருப்பார்" என்றீர்கள். பிறகு தம்பியை அந்த மேட்டுக்கு ஏறச் சொன்னீர்கள். பாவம், அவன் இளைக்க இளைக்க ஏறினான். சதுரமாய்க் கிடந்த அத்திவாரக் கல்லுகள், உருளைக்கிழங்கு வைத்த கிடங்கு ஒன்று, ஈரப் புல். அந்த இடத்துக்குப் பெயர் பக்கென். அவர்கள் பாசையில் மேடு என்று அர்த்தம், அவ்வளவுதான். போனை நிலத்தோடு பிடிக்கச் சொல்லிக் கனநேரம் பார்த்தீர்கள்.

"உங்கட தம்பி கடைசியாச் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை" என்றீர்கள் பிறகு. இந்த மனுஷிக்கு ஒன்றும் தப்பாது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மனிசருக்குச் சொன்னேன். இங்கே எங்கள் ஆட்கள் கலியாண வீட்டில் சந்தித்தால் முதல் கேள்வி "ஊரில எவடம்?" அது இடத்தைக் கேட்கிற கேள்வி இல்லை, ஆளின் தரத்தை எடைபோடுகிற கேள்வி. நான் "மணியகாரர் வளவடி" என்பேன். மணியகாரர் என்றால் அந்தக் காலத்து ஊர் அதிகாரி, கேட்டவர் முகம் மலரும். நாங்கள் அந்தப் பெரிய வளவின் மூலையில், அவர்கள் இருக்க விட்டதால் இருந்த சனம். அவர்களின் கிணற்றில் எங்களுக்கு அள்ள விடமாட்டார்கள். வாளியோடு நிற்க வேண்டும், யாராவது வந்து ஊற்றும் வரை. என் புருஷனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். மொன்றியலில் பிறந்த துளசிக்குத் தெரியாது.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என்ர பூட்டன் பொய் சொல்லேல்லை என்ன?" என்று கேட்டீர்கள். பொய்யில்லை, விலாசம் சொல்லியிருக்கிறார் என்றேன். "ஆனா உண்மையும் இல்லை" என்றீர்கள். அன்று மாலையே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டீர்கள்.

பிறகு உங்களுக்கு நோய் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், துளசி கோப்பி வாங்கப் போன நேரம், நல்ல நினைவோடு சொன்னீர்கள்: "கல்லில பக்கென் எண்டு போடச் சொல்லுங்கோ. முதலாளியின்ர பெயருக்குக் கீழ நான் படுக்கமாட்டன். எரிக்குக்கு நான் சொன்னால் அழுவான். நீங்கள் சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் அது விளங்கும்." ஓம் என்றேன்.

இன்று பின்னேரம் எரிக்கும் துளசியும் வந்தார்கள். எரிக் கொண்டுவந்த தாளில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஹெல்லான்ட் என்று அழகாக எழுதியிருந்தது. பாயாசம் ஆறும் வரை பொறுத்துவிட்டு, வீடியோவில் கண்டதையும் நீங்கள் கேட்டதையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீங்கள் இதுக்குள்ள தலை போடாதேங்கோ" என்றாள் துளசி உடனே.

எரிக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். "அது மருந்து மயக்கத்தில சொன்னது, மாமி. அந்தப் பண்ணைக்காரர் அந்தப் பெயரோட என்ன செய்தினம் எண்டு எனக்குத் தெரியாது. என்ர ஆக்கள் இந்தப் பெயரோட நாலு தலைமுறை இஞ்ச மாடா உழைச்சவை. இப்ப இது எங்கட பெயர். என்ர மகளின்ர பள்ளிக்கூடப் பையிலயும் இருக்கு. அம்மாவை மட்டும் வேற பெயரில தனியா விடச் சொல்லுறீங்களே?"

பதில் சொல்லுங்கோ, சம்பந்தி! அவன் சொன்னதும் நியாயம்தான். நீங்கள் சொன்னதும் நியாயம். நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீங்கள் போய்ப் படுத்துவிட்டீர்கள். உண்மையாகவே உங்கள் மேல் எரிச்சல் வந்தது.

எரிக் தாளை மடிக்கத் தொடங்கினான். அவன் அதோடு எழும்பிப் போனால் காரியம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. "இரு மருமகன்" என்றேன். "அவ என்னட்டை ஏன் சொன்னவ எண்டு கேட்டுப்போட்டுப் போ." மகளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் மணியகாரர் வளவுச் சொந்தக்காரர் இல்லை என்று சொன்னேன். மூலையில் இருந்ததை, கிணற்றடியில் நின்றதை, ஊரைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பெரிய வீட்டுப் பெயரைச் சொன்னதை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர்கள் முற்றத்தில் வாளியோடு நிற்கிற மாதிரியே இருக்கும் என்பதையும் சொன்னேன்.

துளசி "அம்மா" என்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா இரக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகும் அதைத்தான் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

எரிக் தாளை விரித்து ஹெல்லான்டை ஒரு கோட்டால் வெட்டினான். பக்கத்தில் பக்கென் என்று எழுதினான். நீங்கள் சொன்னது சரி, அழுதான். மாயாவும் தானும் பழைய பெயரோடுதான் இருப்போம், அம்மாவுக்கு மட்டும் அவ கேட்டபடி என்றான். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, தனியாகத்தான் கிடைத்தது.

போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி திரும்பி என்னைக் கேட்டான். "மாமி, அந்த மூலைக்கு, நீங்கள் இருந்த இடத்துக்கு, என்ன பெயர்?"

எங்கள் பக்கம் காணிகளுக்கெல்லாம் பெயர் உண்டு, சம்பந்தி. பனைக்கு, கிணற்றுக்கு, ஒருமுறை பாம்பு கண்ட இடத்துக்குக் கூடப் பெயர் வைப்பார்கள். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. அம்மா என்ன சொல்லி எங்களைக் கூப்பிடுவா என்று யோசித்தேன். "அங்கால வா" என்பா, அவ்வளவுதான். உங்கள் மேட்டுக்கு மேடு என்றாவது யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்.

எரிக் கையில் சப்பாத்துக் கயிற்றோடு காத்துக்கொண்டு நின்றான். "அதுக்கு ஒருத்தரும் பெயர் வைக்கேல்லை, மகன்" என்றேன்.