பூங்கா என்று எழுதியிருந்த இடம்

இன்று காலை கதவைத் திறந்ததும் பெயின்ட் நெடி மூக்கில் ஏறியது, அக்கா. எதிரே நிற்கும் நான்கு மாடிக் குடியிருப்புக்கு மறுபடியும் வண்ணம் அடிக்கிறார்கள். நம் லேஅவுட் வரைபடத்தில் பச்சை பூசி ‘பூங்கா’ என்று எழுதியிருந்த இடம் அது.

கிணத்துக்கடவு போகும் வழியில் தென்னந்தோப்பை அழித்து மனை போட்டபோது, நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து சைட் வாங்கினோம். மற்றவர்கள் மெயின் ரோடு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் பூங்கா எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். டெலிபோன் ஆபீசில் ஜன்னலில்லாத அறையிலேயே வேலைக் காலத்தைக் கழித்தவர் நீங்கள். இனி ஜன்னலைத் திறந்தால் நாலு மரமாவது தெரிய வேண்டும் என்றீர்கள்.

மரம் வரவில்லை, வருஷக்கணக்கில் முள்தான் வளர்ந்தது. பிறகு, மனை போட்டவரின் மகன் அந்த இடத்தைக் குடியிருப்பு மனையாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்தார். பேப்பரில் மூலையில் வந்த அந்த அறிவிப்பு உங்கள் கண்ணில்தான் பட்டது. வரைபட நகலை வாங்கி, முழங்கால் வலியோடு வீடு வீடாக ஏறி இறங்கி, ஆட்சேபணை மனுவில் பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கினீர்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

அடுத்த வாரமே மனை போட்டவர் மகனுடைய ஆள் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அடக்கமான குரல். காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, இது குடியிருக்கற ஏரியாவாச்சுங்களே. பின்னால லேத்து ஓட்டறதுக்கு பர்மிசன் வாங்கியிருக்கறீங்களா? சும்மாதான் கேட்டனுங்க.”

என்னிடம் அனுமதி இல்லை. வீட்டுக்குப் பின்னால் பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்த இரண்டு லேத்து மெஷின்கள்தான் எங்களுக்குச் சோறு. அவர் நீட்டிய ‘ஆட்சேபணை இல்லை’ கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அதைக் காட்டிக் காட்டியே மற்ற வீடுகளிலும் வாங்கிவிட்டார்கள்.

விசாரணை நாளன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இரண்டு பஸ் மாறி அந்த ஆபீசுக்குத் தனியாகப் போனீர்கள். என் கடிதத்தை விசாரித்த அதிகாரிதான் உங்களிடம் காட்டியிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தவர், உங்கள் வீட்டுக்குள் போகாமல் என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றீர்கள். திட்டுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

“பயமா இருக்குதுங்கக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே உங்க பேர அடிச்சுப்போட்டு போயிருப்பனுங்களே தம்பி,” என்றீர்கள்.

 பதிலுக்கு நிற்காமல் உங்கள் வீட்டுக்குள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகும் என்னோடு பேசுவதை நீங்கள் நிறுத்தவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி விசாரித்தீர்கள். அதற்குப் பதில் ஒருநாள் தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிரே கட்டடம் எழும்பி, உங்கள் ஜன்னலுக்கு நேராக அதன் மாடிப்படிச் சுவர் வந்தது. நீங்கள் அந்த ஜன்னலைச் சாத்தினீர்கள். போன ஆடியில் உங்களை எடுத்துக்கொண்டு போகும்வரை அது திறக்கவே இல்லை.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குடியிருப்புக்கு வந்தவர்கள், லேத்துச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். குடியிருப்புப் பகுதியில் தொழில் நடத்தக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ் வந்தது. அவர்கள் சொல்வது சட்டப்படி சரி. பூங்காவை விற்றவரைக் கேட்காத சட்டம் என்னைத் தேடி வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரருக்கு போன் செய்தேன். அதெல்லாம் ஆபீஸ் விஷயமுங்க என்று மரியாதையாகவே வைத்துவிட்டார்.

அவகாசம் கேட்டு மனு எழுதிக்கொண்டு நம் தெருவில் ஏறி இறங்கினேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் பயம் எனக்குத் தெரியாததா? போன வாரம் அதே ஆபீசுக்குத் தனியாகவே போனேன். கிளார்க் மனுவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கூட யாரும் வரலீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார். கூப்பிடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அன்றைக்கு உங்களையும் அந்த பெஞ்சில்தான் உட்கார வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு வாய் தண்ணியாவது குடித்தீர்களா என்று, அதற்குப் பிறகு அத்தனை வருஷம் பக்கத்து வீட்டிலேயே இருந்தும், நான் ஒருநாளும் கேட்கவில்லை, அக்கா.