ஆறு இலக்கம்

ஜூன் 21

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். நேற்று நீ அனுப்பிய ஓடிபியை அவசரத்தில் தப்பாக அடித்து, மறுபடி உன்னைக் கேட்டு, ஒருவழியாகக் கடைசி நாள் சாயங்காலம் நம் சலவைக் கடையின் வரிக் கணக்கு போய்ச் சேர்ந்தது. இந்த மாதம் அபராதம் இல்லை.

கூடவே, "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். அதற்குப் பதில் இல்லை. போனில் எண் மட்டும், பேச்சு கடிதத்தில் என்று நீ போட்ட சட்டம் மாதிரி கறாரான சட்டம் வரி ஆபீசிலேயே கிடையாது.

லாட்ஜ்காரர் இன்னும் பாக்கி தரவில்லை. கேட்டால், "உங்க காசு எங்க ஓடிடப் போவுது" என்கிறார். பில் போட்டாகிவிட்டதே, வராத காசுக்கும் நான்தான் வரி கட்டினேன். கஞ்சிப் பதம் எனக்குப் பிடிபடவே இல்லை. படுக்கை விரிப்பெல்லாம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது.

இப்படிக்கு,
உன் முதலாளி

ஜூலை 3

முதலாளிக்கு,

கஞ்சியில் தண்ணீரைக் கூட்டுங்கள்.

போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுகிறோம். எழுதும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் ஆறுகிறது, அதனால்தான் அந்தச் சட்டம்.

எதற்குக் கடைசி நாள் சாயங்காலம் வரை காத்திருக்கிறீர்கள்? அன்றைக்கு ஊரே அந்த வெப்சைட்டில் விழுந்து கிடக்கும். நான் பள்ளிக்கூட ஆபீசில் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே மேஜைக்கடியில் போனை வைத்து உங்களுக்கு எண் அனுப்புகிறேன். தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "யாரும்மா அது, வீட்டுக்காரரா?" என்றார். "வரி மேடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையின் வரிப் பதிவில் என் நம்பரை எடுத்துவிட்டு உங்கள் நம்பரைக் கொடுங்கள் என்று இங்கே வந்த நாளிலிருந்து சொல்கிறேன். வரி ஆபீசுக்கு ஒரு நடை போனால் முடிகிற வேலை.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். வரி பாக்கி விழுந்ததற்காக இல்லை. கட்டச் சொல்லி நான் கொடுத்த பணத்தை பாய்லர் ரிப்பேருக்குப் போட்டுவிட்டு, "கட்டிட்டேன்" என்று சொன்னீர்களே, அதற்காக. கடை வாசலில் வரி ஆபீசர் நின்று, துணி வாங்க வந்தவர்கள் முன்னால் என்னைக் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். இனி எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும் என்றுதானே அன்றைக்குப் பதிவில் என் நம்பரைப் போட்டோம். ஆனாலும் அந்த வாசலில் என்னால் மறுபடி நிற்க முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஆகஸ்ட் 24

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

போன மாதத்தைப் போல இந்த மாதமும் கணக்கு தவறிவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் எண் கேட்டேன், உன் போன் அணைந்திருந்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று மறுநாள்தான் தெரிந்தது. உன் மேல் குறை சொல்லவில்லை. அக்காவுக்குக் கண் இப்போது எப்படி இருக்கிறது?

நம்பர் மாற்ற ஆபீசுக்குப் போனேன். அந்த கிளார்க் எப்போது பார்த்தாலும் சீட்டில் இல்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கஞ்சி இப்போது பரவாயில்லை.

உன் முதலாளி

செப்டம்பர் 9

உங்களுக்கு,

அக்கா தேறிவிட்டாள்.

நேற்று வரி ஆபீசிலிருந்து எனக்கு போன் வந்தது. உங்கள் கிளார்க்தான். சீட்டில் இருந்துதான் பேசினார். "நம்பர் மாத்தற மனு மே மாசமே ஓகே ஆயிடுச்சும்மா. உங்க நம்பருக்கு வர்ற ஓடிபியைச் சொல்லிட்டா முடிஞ்சுது. சார் வர்றார், உட்கார்றார், அப்புறம் வர்றேன்னு எழுந்து போயிடறார். இப்ப பதிவையே நிறுத்தி வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. இந்த முறையும் மூன்றாவது மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். கிளார்க்கையும் கஞ்சியையும் விட்டுவிட்டு எழுதுங்கள்.

செப்டம்பர் 15

கணக்குப்பிள்ளைக்கு,

நம்பரை மாற்றிவிட்டால் அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன இருக்கிறது? மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஆறு இலக்கம் உன் கையிலிருந்து வரும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரும். நாள் இருக்கும்போதே கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கடைசி நாள் வரை வைத்திருப்பேன். அதிலேயே தவறித் தவறி அபராதத்துக்கு மேல் அபராதம் ஏறிவிட்டது. கடை மூழ்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த கிளார்க் முன்னால் உட்கார்ந்தால் உன்னிடம் அந்த எண்ணைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பதிவு நின்றதும் என் பில் செல்லாது என்று லாட்ஜ்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். பெரிய மெஷினைப் போன வாரம் விற்றேன். கடையை மூடுவதற்கும் பாக்கிக் கணக்கெல்லாம் தாக்கல் செய்ய வேண்டுமாம்.

நீ வந்துவிடேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 22

உங்களுக்கு,

"நீ வந்துவிடேன்" என்ற இந்த வரியை ஜூன் மாதம் எழுதியிருந்தால் மறு பஸ்ஸில் வந்திருப்பேன். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகத்தான் பிரித்தேன். நீங்கள் கஞ்சியைப் பற்றி எழுதினீர்கள்.

எனக்காகத்தான் செய்தீர்கள் என்பது புரிகிறது. வாசித்துவிட்டு அழுதேன். ஆனால் இப்போதும் மறைத்துத்தான் செய்திருக்கிறீர்கள். நாம் இரண்டு பேரும் ராத்திரி பகலாக நின்று உண்டாக்கின கடை அது. அதை மூழ்கவிட்டுக்கொண்டே எனக்கு "பரவாயில்லை" என்று எழுதிய மனிதரோடு இனி எந்த நம்பிக்கையில் வந்து இருப்பேன்? அடுத்ததாக எது என் காலடியில் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க என்னால் ஆகாது.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போங்கள். எண் வந்த உடனே அனுப்புகிறேன். அதன் பிறகு இந்த நம்பரை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கடிதமும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 29

கணக்குப்பிள்ளைக்கு,

வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இதற்கு நீ பதில் போட வேண்டாம்.

நேற்றுப் போனேன். நீ அனுப்பின எண்ணைச் சொன்னேன். கிளார்க், "உங்க போனைப் பாருங்க சார், புது நம்பருக்கும் ஒண்ணு வரும்" என்றார். வந்தது. நானே படித்து, நானே சொன்னேன். "அவ்வளவுதான் சார், இனிமே யாரையும் கேக்க வேண்டாம்" என்றார்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.