நான் அதற்குச் சிரிக்கவில்லை

அன்புள்ள யெஃபீமுக்கு, மாஸ்கோவிலிருந்து கிளாஃபிரா வணங்கி எழுதுவது. உங்கள் நெஞ்சிருமல் தணிந்ததா? மருமகள் சினாய்தா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பெருக்கித் துடைக்கும் டி.வி. நிலையத்தில், நையாண்டி நிகழ்ச்சிக்குக் கூட்டம் போதவில்லை என்று என்னையும் உட்கார வைத்ததை எழுதியிருந்தேன். நடிகர் வருவதற்கு முன்பே, வெறும் மேடையைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது பேரில் என் முகம்தான் அவர்களுக்குப் பிடித்ததாம். பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று எடிட்டர் அறையைத் துடைக்கும்போது பார்த்தேன். "சுரங்கக்காரன் செத்தா குழி வெட்டுற வேலை மிச்சம். அவனே வெட்டி உள்ள படுத்திருப்பான்!" என்கிறார் அந்த நடிகர். உடனே திரை முழுக்க என் சிரிப்பு.

"ஐயா, நான் இதுக்குச் சிரிக்கலை. என் மகன் சுரங்கத்துலதான் போனான்" என்றேன்.

"அட பாட்டி, எதுக்குச் சிரிச்சா என்ன? பல்லு தெரிய அருமையா சிரிச்சிருக்கீங்க!" என்றார் எடிட்டர்.

சனிக்கிழமை போடுகிறார்கள். தெருவையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேனே, வேண்டாம். ஆன்டெனா வயரைக் கழற்றிவிடுங்கள். நம் மகனின் பழைய கம்பளிச் சட்டையை எனக்கு அனுப்புங்கள், விடுதி அறை குளிர்கிறது.

மருமகள் வேறெங்காவது பார்த்துவிட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், நம்பமாட்டாள். எனக்கே அதைப் பார்த்தபோது, அந்தப் பேச்சுக்கு நான் மனசாரச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

கிளாஃபிரா