பச்சைக் கதவு ஹோட்டலில் அப்பா

மார்ச் 6

அன்புள்ள அப்பா,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் எந்தக் கடலில் இருந்தாலும் அங்கே அலை அடங்கி, உங்கள் பானைகள் சாயாமல் இருக்கட்டும்.

அம்மா பிறந்தநாளுக்கு இந்த முறை வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஹோட்டல் இருக்கிறது. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊரே அதைப் 'பச்சைக் கதவு' என்றுதான் சொல்கிறது. கடைவீதியில் பாதிக் கூட்டம் அதன் வாசலில்தான் நிற்கும். "சாப்பாட்டுக்கு இப்படி வரிசையில நிக்கணுமா? நம்ம வீட்டுல என்ன அடுப்பு இல்லையா?" என்று அம்மா எல்லோர் காதிலும் விழும்படி புலம்பிக்கொண்டே வந்தாள். உள்ளே போய் கோழி சூப்பும் சுடச்சுட ரொட்டியும் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அம்மாவா இது என்று நானே உற்றுப் பார்த்தேன். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்து, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள்.

சமையல்காரரே கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அம்மா சும்மா இருப்பாளா? "இவ அப்பாவும் சமையல்காரர்தான், கப்பல்ல. ஆனா இந்த சூப்பு அவருக்கு வராது" என்று உங்களைப் போட்டுக்கொடுத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், ஆவியில் அவருடைய கண்ணாடி முழுக்கப் புகை மூடி, மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் கண்ணாடி. "நாளைக்குக் கடைக்கு வாங்க, சரிபண்ணித் தரேன்" என்றேன். மறுநாள் வந்தார். மூக்கின் மேல் உட்காரும் இரண்டு பட்டைகளும் தேய்ந்து போயிருந்தன, மாற்றிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, இப்போது காது வலிக்கிறது என்று திரும்பவும் வந்தார். சட்டத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தேன். நல்ல கண்ணாடிதான், பராமரிக்கத் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சமைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள்
வாலு

ஏப்ரல் 2

அன்பு மகள் வாலுவுக்கு,

எனக்கு சூப் வராதா? கப்பல் ஆடும்போது பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சமைக்கிறவன் நான் என்று உன் அம்மாவிடம் சொல். தரையில் நின்று யார் வேண்டுமானாலும் சூப் வைக்கலாம். எலும்பை முதலில் வறுக்கிறானா, அப்படியே கொதிக்க விடுகிறானா? வெங்காயத்தைத் தோலோடு போடுகிறானா? விசாரித்து எழுது.

இன்னொன்று. உன் கடிதத்தில் அம்மா பிறந்தநாளுக்கு இரண்டு வரி, சூப்புக்கு நாலு வரி. மீதியெல்லாம் அந்த ஆளின் மூக்குக்கண்ணாடி. நான் தூரத்தில் இருக்கிறேனே தவிர, கண் தெரியாமல் இல்லை.

விளையாட்டாகச் சொல்லவில்லை, கேள். ஊரெல்லாம் உட்கார்ந்து சாப்பிடும்போது சமையல்காரன் நின்றுகொண்டிருப்பான். அவன் பெண்டாட்டி வீட்டில் தனியாகத் தட்டு வைத்துச் சாப்பிடுவாள். நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் உன் அம்மாவைக் கேள்.

அன்புடன்
அப்பா

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா,

உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எலும்பை வறுக்கிறாராம், வெங்காயம் தோலோடுதானாம். இதைக் கேட்கப் போன அன்றைக்குத்தான் அவர் என்னிடம் வேறொன்று கேட்டார். எனக்குச் சம்மதம். "அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் என் முகமே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அம்மாவையும் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தனியா சாப்பிட்டது கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா தொண்டையில இறங்காத அளவுக்குக் கஷ்டமில்ல. லீவுல வந்தா அந்த மனுஷன் என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டாரு. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு?" என்றாள். பிறகு, "இதெல்லாம் எழுதித் தொலைக்காத, தலைக்கனம் ஏறிடும்" என்றாள். எழுதிவிட்டேன்.

பதில் போடுங்கள் அப்பா. அவர் கேட்கவில்லை, ஆனால் தினமும் கண்ணாடிக் கடை வாசலில் தபால்காரர் நிற்கும் நேரம் பார்த்து எட்டிப் பார்க்கிறார்.

உங்கள்
வாலு

ஜூன் 14

அப்பா,

'அன்புள்ள' போடவில்லை, கோபம். கடிதம் போட்டு ஒன்றரை மாதமாகியும் ஒரு வரி பதில் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், வந்து சண்டையாவது போடுவேன். அம்மா, "அவரு யோசிக்கிறாருடி, விடு" என்கிறாள். இவ்வளவு யோசித்தால் கப்பலில் பால் பொங்கி வழியாதா?

சித்திக்கு முழங்காலில் ஆபரேஷன். நாளை நானும் அம்மாவும் போய் நாலைந்து நாள் துணைக்கு இருந்துவிட்டு வருவோம்.

வாலு

ஜூன் 17
கப்பலிலிருந்து

என் அன்பு வாலுவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன், அதுதான் தாமதம். இப்போது கிழிக்கப் போவதில்லை.

நேற்று இன்ஜினில் கோளாறு என்று யாரும் எதிர்பாராமல் நம் துறைமுகத்திலேயே கப்பலை நிறுத்தினார்கள். சாயங்காலம் வரை விடுதலை. வீட்டுக்கு ஓடி வந்தால் பூட்டு. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாதான் நீங்கள் சித்தி வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார். ஏமாற்றம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். கால் தானாகப் பச்சைக் கதவுக்குப் போனது. பொய் எதற்கு, குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

நானும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற நர்ஸம்மா, "புதுசா சார்? உக்காந்ததும் உருளைக்கிழங்கு சொல்லிடுங்க, தீர்ந்துடும்" என்று புத்தி சொன்னார். சூப் வந்தது. குடித்தேன். என்ன சொல்ல? நான் வைப்பதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் வந்த வேலையை விடுவேனா? மிளகு போதாது என்று சொல்லி அனுப்பினேன். அவன் வெளியே வந்தான். "மேஜையில மிளகு இருக்கு சார், வேணுங்கிற அளவு போட்டுக்குங்க. பானையில போடமாட்டேன், குழந்தைங்களும் சாப்பிடுறாங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், மசியவில்லை.

அதற்குள் உள்ளே ஒரே சத்தம். கிழங்கு உரிப்பவருக்குக் கையில் வெட்டு. வாசலில் கூட்டம் தெருமுனை வரை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "சார், நீங்க கஸ்டமர்" என்றான். "கத்தி பிடிக்கத் தெரிஞ்ச கஸ்டமர்" என்றேன்.

மத்தியானக் கூட்டம் ஓயும்வரை அவன் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். நடுவில் பரிமாறுகிற பெண் ஒரு தட்டு நிறைய சூப் கிண்ணங்களைக் கீழே போட்டுவிட்டாள். நானாக இருந்தால் என் சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்த்து, "கால்ல எதுவும் படலையே? அந்தப் பக்கம் போம்மா, சூப்பு நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தானே எடுத்தான். அங்கேயே நான் பாதி கரைந்துவிட்டேன்.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "திங்கட்கிழமை கடை லீவாமே?"

"ஆமா. முதலாளி ஒத்துக்கல, நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். வாரத்துல ஒரு நாளாவது வீட்டுல உக்காந்து சாப்பிடணும் இல்லையா? ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவங்க அப்பா பதில் போடணும், அதுதான் பாக்கி."

நான் தலை நிமிரவில்லை. கையிலிருந்த கிழங்கைக் கோலிக்குண்டு அளவுக்குச் சீவித் தள்ளியிருந்தேன்.

கிளம்பும்போது ஒரு பெரிய பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "கப்பலுக்கு நேரமாகலையா மாமா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படித் தெரியும்?"

"மூக்கு. உங்க பொண்ணுக்கு அப்படியே உங்க மூக்கு. வெளிய வந்ததுமே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சும் மிளகு போடமாட்டேன்னியா?"

"மாமாவுக்கும் அதே பானைதானே?"

அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேனே தவிர, பதில் எதுவும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன் வாலு: எனக்குச் சம்மதம். முழு மனதோடு. செப்டம்பரில் லீவு கேட்டிருக்கிறேன்.

சூப் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்
அப்பா

ஜூலை 8

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள அப்பா,

போன முறை விட்டதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். 'சொல்லாதே' என்ற வரி கடைசியில் இருந்தது. அதற்குள் சூப் வரி போய்விட்டது. அம்மா கேட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி படிக்கச் சொன்னாள். மன்னியுங்கள்.

அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஏன் மறைச்சீங்க?" என்றேன். "மாமா எழுதுவாருன்னு தெரியும்" என்கிறார். இப்போதே கூட்டுச் சேர்ந்துவிட்டீர்கள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை கல்யாணம், பச்சைக் கதவிலேயே. வழக்கமாக வருகிற அத்தனை பேரையும் கூப்பிடப் போகிறோம். யார் சமைப்பது என்று அவர் திட்டம் போட ஆரம்பித்ததும் அம்மா குறுக்கே வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"மாமனும் மருமகனும் அன்னிக்கு அடுப்புப் பக்கம் தலைவைக்கக் கூடாது. எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல உக்காந்து, எங்ககூடவே சாப்பிட்டு, எங்ககூடவே எழுந்திருக்கணும். முதலாளி சமைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. அவரு கரண்டி பிடிச்சு எத்தனையோ வருஷமாச்சாம், சாப்பாடு சுமாராத்தான் இருக்கும். அதைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாது. சாப்பிட மட்டும் திறக்கலாம்."

சீக்கிரம் வாருங்கள் அப்பா.

உங்கள்
வாலு